வயதைச் சொல்லாத வீரர்

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு. அமெரிக்காவில் கான்ஸாஸ் ஸிட்டி நகரத்து பேஸ்பால் மைதானம். ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் ஓரத்தில் ஓர் ஆடும் நாற்காலி போட்டிருந்தது. ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருந்த ஒரு கறுப்பு மனிதர் அதில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளை உடுப்பு அணிந்த நர்ஸ் ஒருத்தி அவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது. சிரிக்கவேண்டும் என்பதற்காகத்தான் கோஷ்டியின் முதலாளி அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. கிழவர் எழுந்தார். அவசரம் என்பதையே அறியாத நடையில், காலைத் தேய்த்துத் தேய்த்து மைதானத்தின் நடுவே போய் நின்றார். எதிரே பாஸ்டன் நகரத்துக் கோஷ்டி. அவர்களில் பலர் அவருக்குப் பிள்ளை வயதினர். மூன்று இன்னிங்ஸ் பந்து எறிந்தார். ஒருவர் கூட ஓட்டம் எடுக்கவில்லை. யாஸ்திரெம்ஸ்கி என்ற பெயர்பெற்ற வீரர் ஒருவர்தான் ஒரே ஒரு முறை பந்தை ஒழுங்காக அடித்தார். சிரிக்க வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மைதானத்து விளக்குகளை அணைத்தார்கள். இருட்டில் ஜனங்கள் தீக்குச்சிகளைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு அவருக்காகப் பாடினார்கள்.

அந்தக் கிழவர்தான் சாட்சல் பெய்ஜ். அன்று அவருக்கு வயது 59. இது அவர் பிறந்த ஊரின் பதிவேடு சொல்லும் கணக்கு. அவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லுவார். மறுநாள் கேட்டால் இன்னொரு கணக்கு. தமது பிறப்பை எழுதி வைத்திருந்த பைபிளை வீட்டு ஆடு தின்றுவிட்டது என்று பத்திரிகை நிருபர்களிடம் முகம் மாறாமல் சொல்லுவார். அவர்களும் எழுதிக்கொண்டு போவார்கள்.

மூட்டை தூக்கிய சிறுவன்

நம் வாசகர்களில் பலருக்கு பேஸ்பால் ஆட்டம் பழக்கமில்லாதிருக்கலாம். கிரிக்கெட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கோஷ்டிக்கு ஒன்பது பேர். நடுவில் ஒரு சிறு மேடு. அதன்மேல் நின்று பந்து எறிபவர், 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் உருண்டைத் தடியுடன் நிற்பவரை நோக்கி, தரையில் படாமல் நேரே எறிவார். தடிக்காரரின் காலடியில் 17 அங்குல அகலமுள்ள வெள்ளைத் தகடு ஒன்று பதித்திருக்கும். அதற்கு நேர் மேலாக வரும் மூன்று பந்துகளை அடிக்கத் தவறினால் ஆள் அவுட். விலகிப் போகும் பந்துகள் நான்கு எறிந்துவிட்டாலோ, தடிக்காரர் சிரமம் இல்லாமல் முதல் தளத்துக்கு நடந்து போய்விடுவார். ஆகவே வேகமும் வேண்டும், குறியும் வேண்டும். பெய்ஜிடம் இரண்டும் இருந்தன. அவற்றுடன் ஹாஸ்யமும் சேர்ந்திருந்தது. அந்த ஹாஸ்யத்தின் கதைதான் அவருடைய கதை.

அலபாமா மாகாணத்தில் மோபீல் என்பது ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே 1906-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லெராய் ராபர்ட். தகப்பனார் தோட்ட வேலை செய்தார். தாயார் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்தார். வீடு நிறையக் குழந்தைகள். அடுப்பில் வேகும் உணவோ கொஞ்சம். பையன் ரயிலடிக்குப் போய்ப் பிரயாணிகளின் பைகளைச் சுமந்தான். ஒவ்வொரு பையாகத் தூக்கினால் எப்பொழுது காசு சேர்வது? ஒரு கம்பும் கயிறும் தேடிப் பல பைகளை ஒருமிக்கக் கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டான். பைகள் காய்த்த மரம் ஒன்று நடந்து வருவதுபோல் இருந்ததாம். கைப்பைக்கு ஆங்கிலத்தில் சாட்சல் என்று ஒரு பெயர் உண்டு. அதுவே பையனுக்கும் பெயராகிவிட்டது. இது அவர் சொன்ன கதை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பிடிபட்டதால் வந்த பெயர் அது என்று பால்ய நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

எப்படியானாலும், 1918-இல் கடையில் சில்லறைச் சாமான்களைத் திருடிய குற்றத்துக்காகப் பன்னிரண்டு வயதுப் பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மவுண்ட் மெய்க்ஸ் என்ற இடத்தில் கறுப்புச் சிறுவர்களுக்கென்றே இருந்த பள்ளி அது. ஐந்து வருஷம் அங்கே கழிந்தது. ஆனால் அங்கேதான் அவனுக்கு ஒரு குரு கிடைத்தார். எறியுமுன் இடது காலை ஆகாயத்தை மறைக்கும்படி தூக்கவேண்டும், தடிக்காரனின் முழங்காலைப் பார்த்தே அவன் மனத்தை அறியவேண்டும் என்ற வித்தைகளை எட்வர்டு பேர்டு என்னும் அந்தப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வருஷச் சுதந்தரத்தைக் கொடுத்துப் பந்து எறியும் கலையை வாங்கிக்கொண்டேன் என்று பெய்ஜ் பிற்காலத்தில் கணக்குச் சொல்வதுண்டு. நல்ல பேரம்தான் என்றும் சொல்லுவார்.

எழுதப்படாத சட்டம்

1923-இல் வெளியே வந்த வாலிபனுக்கு முன்னால் ஒரு சுவர் நின்றது. அமெரிக்காவின் பெரிய லீக் கோஷ்டிகளில் கறுப்பர் எவருக்கும் இடமில்லை. அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் அச்சாகி இருக்கவில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எல்லா முதலாளிகளும் அதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள். கறுப்பர்கள் தங்களுக்கென்று தனி லீக் நடத்திக்கொண்டார்கள். 1920-இல் ரூப் ஃபாஸ்டர் என்ற மகா சமர்த்தர் அதற்கு நீக்ரோ தேசிய லீக் என்று பெயரிட்டு ஒழுங்கான அமைப்பை உண்டாக்கினார்.

பெய்ஜ் 1926-இல் சாட்டனூகா நகரத்துக் கறுப்பர் கோஷ்டியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பிறகு பர்மிங்ஹாம், பிட்ஸ்பர்க், கான்ஸாஸ் ஸிட்டி என்று ஊர் ஊராகப் போனார். நாள் முழுதும் பஸ்ஸில் பிரயாணம். போன ஊரில் ஆட்டம். சில நாட்களில் இரண்டு ஆட்டம். கைதட்டிய ஊரே இரவில் ஹோட்டல் கதவைச் சாத்தும். சாப்பாட்டுக் கடையில் உட்கார விடமாட்டார்கள். பல இரவுகள் பஸ்ஸே படுக்கையறையாயிற்று.

இந்த நிலையில் ஒருவன் கசந்துபோகலாம். பெய்ஜ் வேடிக்கை காட்டினார். வெளி மைதானத்தில் நிற்கும் சகாக்களை உள்ளே அழைத்துத் தரையில் உட்காரச் சொல்லுவார். பந்து அவர்கள் பக்கம் போகவே போகாது என்பது பொருள். பிறகு வரிசையாக மூவரை அவுட்டாக்குவார். தமது பந்துகளுக்கு விதவிதமாகப் பெயர் வைத்திருந்தார். தேனீப் பந்து ஒன்று, தொல்லைப் பந்து ஒன்று, தடியை ஏய்க்கும் பந்து ஒன்று, நள்ளிரவில் ஊர்ந்து வரும் பந்து ஒன்று. தடிக்காரர்கள் இவற்றில் எது வருமோ என்று யோசித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நாட்களில் பெரும்பாலும் வந்தது ஒரே வேகப் பந்துதான். பெயர்கள் மட்டும்தான் வேறு!

இதில் தந்திரம் இருந்தது. வேடிக்கை பார்க்க வெள்ளையரும் டிக்கட் வாங்கினார்கள். அவர் பெயரை விளம்பரத்தட்டியில் எழுதினால் கூட்டம் கூடும் என்ற நிலை வந்தபின் அவருடைய பேச்சுக்கு விலை ஏறியது. தமக்கும் தம் சகாக்களுக்கும் சோறும் படுக்கையும் தர மறுக்கும் ஊரில் ஆடமாட்டேன் என்று சொல்லக்கூடிய பலம் அந்தச் சிரிப்பினால் அவருக்குக் கிடைத்தது.

இரண்டு விகடகவிகள்

அதே காலத்தில் வெள்ளையர் லீகில் ஒரு விகடகவி இருந்தார். செயின்ட் லூயி கோஷ்டியின் டிஸ்ஸி டீன். 1934-இல் 30 ஆட்டங்களை வென்றவர். ஒரு சமயம் மூன்று நிருபர்கள் அடுத்தடுத்து வந்து அவருடைய பிறந்த ஊரையும் தேதியையும் கேட்டார்கள். மூவருக்கும் மூன்று ஊர், மூன்று தேதி சொன்னார் டீன். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி கிடைக்கட்டும் என்ற தாராள மனசு!

லீக் பருவம் முடிந்தபின் டீனும் பெய்ஜும் ஊர் ஊராக எதிரெதிராக ஆடினார்கள். டீன் வாய்விட்டுப் புகழ்ந்தார். பெய்ஜும் தாமும் ஒரே கோஷ்டியில் இருந்தால் ஜூலை மாதத்துக்குள் லீகை ஜயித்துவிட்டு, உலகப் பந்தயம் வரும்வரை மீன் பிடிக்கப் போய்விடலாம் என்று சொல்லி வந்தார். ஆனால் அந்தக் கோஷ்டி அமைய வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். டீனின் பொய்கள் பொழுதுபோக்கு. பெய்ஜின் பொய்களுக்கு ஒரு காரணம் இருந்தது. பெரிய லீகின் கதவு என்றாவது திறந்தால், வயதாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாதல்லவா? வயதை ஓர் இரகசியமாகவும் விளையாட்டாகவும் ஆக்கிவிட்டால் யாரும் அவரைக் கணக்குத் தீர்க்க முடியாது.

1935-இல் நார்த் டகோட்டா மாகாணத்து பிஸ்மார்க் நகரில் வெள்ளையரும் கறுப்பரும் கலந்த ஒரு கோஷ்டியில் அவர் ஆடினார். அந்தக் கோஷ்டி விச்சிட்டா நகரில் நடந்த தேசியப் பந்தயத்தை வென்றது. ஆனால் அவருக்கும் மனைவிக்கும் பிஸ்மார்க்கில் வாடகை வீடு அகப்படவில்லை. பழைய ரயில் சரக்குப் பெட்டி ஒன்றில் குடித்தனம் நடத்தினார்கள். ஊருக்கு வெற்றி வாங்கித் தந்தவரின் மாளிகை அதுதான்!

1937-இல் டொமினிகன் நாட்டுக்குப் போனார். அங்கே சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயரைத் தாங்கிய கோஷ்டி அவரை விலைக்கு வாங்கியிருந்தது. இறுதி ஆட்டத்தின்போது மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கியுடன் சிப்பாய்கள் நின்றதையும், தோற்றால் உயிர் மிஞ்சாது என்று தாம் நடுங்கியதையும் அவர் ஆயுள் முழுதும் ரசமாகச் சொல்லி வந்தார். சொல்லும்தோறும் சிப்பாய்களின் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போயிற்று. அவர் கோஷ்டி ஜயித்தது, தலையும் தப்பியது.

செத்துப் பிழைத்த கை

அடுத்த வருஷம் மெக்ஸிகோவில் ஆடும்போது விபரீதம் நேர்ந்தது. வலது கை தோளுக்கு மேல் எழ மறுத்தது. வைத்தியர்கள் கைவிரித்தார்கள். முப்பத்திரண்டு வயதில் பிழைப்புப் போயிற்று. அவரைக் கெஞ்சி அழைத்த முதலாளிகள் கடிதம் போடுவதையும் நிறுத்தினார்கள். வில்கின்ஸன் என்ற ஒருவர் மட்டும் கூப்பிட்டார். கான்ஸாஸ் ஸிட்டி மோனார்க்ஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பர் கோஷ்டிக்குச் சொந்தக்காரரான வெள்ளையர் அவர். சிற்றூர்களுக்குப் போகும் இரண்டாவது கோஷ்டியில் பெய்ஜைச் சேர்த்தார். கிராமத்து ஜனங்கள் பெயரைக் கேட்டு வந்தார்கள். பெய்ஜ் வேடிக்கை பேசி, நோகும் கையால் மெதுவாக எறிந்து காலம் தள்ளினார். உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிக்க வைப்பது என்ன என்பதை அந்த மாதங்களில் அவர் அறிந்தார்.

1939-இல் ஒரு நாள், எதிர்பாராத வகையில், கை வலிக்கவில்லை. வேகம் திரும்பியது. ஆனால் ஒரு முறை கெட்ட கையை நம்பலாமா? வளைந்து வரும் பந்து, தயங்கி வரும் பந்து என்று புதிய வித்தைகளைக் கற்றுக்கொண்டார். காலை ஊன்றியபின் ஒரு கணம் நின்று, தடிக்காரர் தடியைச் சுழற்றத் தொடங்கியபின் பந்தை விடுவது அவற்றில் ஒன்று.

1942-இல் கறுப்பர் லீக்குகளின் உலகப் பந்தயம். எதிர்க்கோஷ்டியில் ஜோஷ் கிப்ஸன் இருந்தார். பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புவதில் இணையற்றவர். பெய்ஜின் பழைய சகா. மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கும் நேரத்தில் கிப்ஸன் தடியுடன் வந்தார். பெய்ஜ் வேண்டுமென்றே முன்னால் வந்தவர்களை நடக்கவிட்டுத் தளங்களை நிரப்பி, கிப்ஸனை வரவழைத்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் அப்படிச் சொல்லவில்லை. நடந்தது என்னவோ உண்மை. அடுத்து எந்த இடத்தில் எறியப்போகிறேன் என்று பேசிக்கொண்டே பெய்ஜ் எறிந்தாராம். மூன்று பந்துகள். கிப்ஸன் அவுட். நான்கு ஆட்டங்களையும் மோனார்க்ஸ் வென்றது.

வராத அழைப்பு

1945-இல் சுவரில் விரிசல் கண்டது. புரூக்ளின் கோஷ்டியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி ஒரு கறுப்பு வீரரை ஒப்பந்தம் செய்தார். அந்த வீரர் அவ்வருஷம் மோனார்க்ஸ் கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அவர் பெய்ஜ் அல்லர். ஜாக்கி ரோபின்சன் என்ற இளைஞர். கல்லூரியில் படித்தவர், ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி அவர் பெரிய லீகில் காலடி வைத்தார்.

இருபது வருஷம் கதவைத் தட்டியவர் பெய்ஜ். திறந்தபோது உள்ளே போனவர் வேறொருவர். நிருபர்கள் ஓடிவந்து கேட்டபோது, சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். பின்னர் தம் வாழ்க்கைக் கதையை எழுதும்போதுதான் அந்தக் காயத்தைத் திறந்து காட்டினார். ஜோஷ் கிப்ஸனுக்கோ அந்தப் பாக்கியமும் இல்லை. ரோபின்சன் உள்ளே நுழைவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் அவர் இறந்துபோனார்.

42 வயதுப் புதுமுகம்

1948 ஜூலை 7. பெய்ஜின் நாற்பத்திரண்டாவது பிறந்த நாள். கிளீவ்லண்ட் கோஷ்டியின் முதலாளி பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். வீக் தாமே ஒரு வேடிக்கைப் பேர்வழி. சோதித்துப் பார்ப்பதற்காகத் தரையில் ஒரு சிகரெட்டை வைத்து அதன் மேலாக எறியச் சொன்னதாகவும், ஐந்து பந்துகளில் நான்கு நேரே போனதாகவும் அவர் சொல்லுவார். பேஸ்பால் உலகின் வேதம் போன்ற ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையின் ஆசிரியர், இது ஆட்டத்தின் தரத்தைக் கெடுக்கும் வெறும் விளம்பரம் என்று கண்டித்து எழுதினார்.

பெய்ஜ் பந்தினால் பதில் எழுதினார். ஆகஸ்டு 20-ஆம் தேதி கிளீவ்லண்டில் அவர் எறிவதைப் பார்க்க 78,382 பேர் கூடினார்கள். எதிரிகளுக்கு ஓர் ஓட்டம் கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஒரே தோல்வி. தயங்கி வரும் பந்தை எறியக் கூடாது என்று லீகின் தலைவர் தடை போட்டார். இத்தனை வருஷம் வெளியே நிறுத்தியவர்கள், உள்ளே விட்டதும் பந்தையாவது வெளியே நிறுத்தினார்கள் போலும்! அவ்வருஷம் கிளீவ்லண்ட் உலகப் பந்தயத்தை வென்றது. அந்தப் பந்தயத்தில் பந்து எறிந்த முதல் கறுப்பர் என்ற பெருமை பெய்ஜுக்குக் கிடைத்தது.

ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற பரிசு இவருக்கே கிடைக்கும் என்று பேச்சு எழுந்தது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளமாட்டேன் என்றார் பெய்ஜ். அந்தக் கனவான்கள் எந்த ஆண்டைச் சொல்லுகிறார்கள் என்று தமக்கு விளங்கவில்லையாம்!

பிறகு செயின்ட் லூயியில் வீக் நடத்திய கோஷ்டியில் மூன்று வருஷம் ஆடினார். ஆடும் நாற்காலி அங்கேதான் முதலில் வந்தது. 1952-இல், 46 வயதில், 12 ஆட்டங்களை வென்று நட்சத்திர ஆட்டக்காரர் வரிசையில் இடம் பெற்றார்.

குறை சொன்னவர்களும் உண்டு. ஒப்பந்தத்தை முறித்துவிட்டு அதிகப் பணம் தரும் இடத்துக்குப் போய்விடுவார். ஆட்டத்துக்கு நேரத்தில் வரமாட்டார். இவை பொய்யல்ல. கிளீவ்லண்டில் அவருடைய சகாவாயிருந்த லாரி டோபி போன்ற இளைஞர்களுக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்கவில்லை. தலைநிமிர்ந்து நடக்க விரும்பியவர்களுக்கு, வெள்ளையரைச் சிரிக்க வைக்கும் கறுப்பர் ஒருவர் சங்கடமாகத்தான் இருந்திருப்பார். ஆனால் அந்த இளைஞர்கள் திறந்த கதவின் வழியாக வந்தவர்கள். பெய்ஜோ சாத்திய கதவின் முன்னால் இருபது வருஷம் சோறு சம்பாதித்தவர். அவரிடம் இருந்த ஆயுதம் அதுதான்.

தனி மூலை

1968-இல் அவருக்குப் பென்ஷன் கிடைக்க 158 நாள் குறைந்தது. பெரிய லீகில் ஆட விடாத வருஷங்களைக் கணக்கில் சேர்க்க வழியில்லை. அட்லாண்டா கோஷ்டி அவரை வேலைக்கு எடுத்து அந்த நாட்களை நிரப்பிக் கொடுத்தது.

கூப்பர்ஸ்டவுன் நகரில் பேஸ்பால் வீரர்களுக்கு ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. கறுப்பர் லீக் வீரர்களுக்கு அங்கே இடமில்லை என்பதை 1966-இல் டெட் வில்லியம்ஸ் என்ற வெள்ளை வீரர் தம் பாராட்டு விழாவிலேயே சுட்டிக்காட்டி, பெய்ஜ், கிப்ஸன் ஆகியோரின் பெயரைச் சொன்னார். 1971 பிப்ரவரியில் பெய்ஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் மற்றவர்களுடன் அல்ல. கறுப்பர் லீக்குகளுக்கென்று தனிக் காட்சி ஒன்று வைத்து, அதில் அவரை வைப்பதாக ஏற்பாடு. மறுபடியும் தனி மூலை! இரண்டாந்தரப் பிரஜையாக இருந்த தம்மை இப்பொழுது இரண்டாந்தர அமரராக ஆக்கிவிட்டார்கள் என்று பெய்ஜ் சொன்னதாகச் செய்தி பரவியது. ஊர் சிரித்தது, பிறகு வெட்கப்பட்டது. பத்திரிகைகள் கண்டித்தன. சில மாதங்களில் ஏற்பாடு மாறியது. ஆகஸ்டு 9-ஆம் தேதி எல்லோருக்கும் உரிய அதே மண்டபத்தில் பெய்ஜின் உருவம் பொறித்த தகடு ஏறியது. முப்பது வருஷம் சுவரை இடித்துக்கொண்டிருந்த ஹாஸ்யத்தின் கடைசி அடி அதுவாக இருக்கலாம்.

1982 ஜூன் 5-ஆம் தேதி கான்ஸாஸ் ஸிட்டியில் ஒரு மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். நுரையீரல் நோயால் தளர்ந்திருந்த பெய்ஜ் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். இந்த நாற்காலி வேடிக்கைக்காகப் போட்டதல்ல. மூன்று நாள் கழித்து, ஜூன் 8-ஆம் தேதி அவர் காலமானார்.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பர் லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் அறிவித்தது. அதன்படி பார்த்தால், பெய்ஜ் பெரிய லீகில் நுழைந்தது 42 வயதில் அல்ல, இருபதுகளின் தொடக்கத்திலேயே என்று ஆகிறது. தம் வயதைக் கடைசிவரை ஒரே கணக்காகச் சொல்லாத மனிதருக்கு, இறந்து 38 வருஷம் கழித்து ஊரார் கணக்கை மாற்றிக் கொடுத்தார்கள். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஏதாவது துரத்திக்கொண்டு வரலாம் என்பது இளமையாக இருப்பதற்கு அவர் சொல்லிய யோசனைகளில் ஒன்று. துரத்தி வந்தது எது என்பதை அவர் அறிந்திருந்தார். அது தம்மைப் பிடிக்காதபடி சிரித்துக்கொண்டே நடந்தார், மெதுவாக.